வலது காலின் சூடு

மார்கழி 3, வியாழன்

திருப்பத்தூர் சர்க்கரை மருத்துவமனையில் ஜெசிந்தா சிஸ்டர் தினமும் காலையில் இரண்டு பாதங்களின் சூட்டையும் அளந்து எழுதி வரச் சொல்லியிருக்கிறார். எண்கள் மட்டும் போதும் என்றார். எண்ணை மட்டும் எழுதினால் அதை எப்படி எடுத்தோம் என்பது மறந்துபோகும். மோட்டாருக்குச் செப்புக்கம்பிக் காயில் கட்டியே வயதானவன் நான். யாரும் சொல்லிக்கொடுத்துக் கற்றதில்லை. எரிந்த மோட்டாரைப் பிரித்துப் பிரித்துக் கற்றது. அளவை எழுதுகிறவன் அளந்த விதத்தையும் எழுத வேண்டும். ஆகவே இந்த நோட்டு.

விஷயம் இதுதான். சர்க்கரையால் என் பாதங்களில் உணர்ச்சி இல்லை என்பது அவர்கள் கட்சி. முள் குத்தினாலும் தெரியாது, எலும்பில் கீறல் விழுந்தாலும் வலிக்காது. ஆனால் உள்ளே கெடுதல் ஆரம்பித்தால் அந்த இடம் சூடாகும். ஒரு காலில் ஓர் இடம், மற்றக் காலில் அதே இடத்தைவிட இரண்டு டிகிரிக்கு மேல் சூடாக இருந்து, மறுநாளும் அப்படியே இருந்தால், நடப்பதை நிறுத்திவிட்டு உடனே வர வேண்டும்.

அதற்கென்று ஒரு கருவி தருகிறேன் என்றார். என்னிடமே இருக்கிறது என்றேன். மோட்டார் பேரிங் சூடு பார்க்க வாங்கிய அகச்சிவப்பு வெப்பமானி. பார்வைக்குத் துப்பாக்கி மாதிரி இருக்கும். விசையை அழுத்தினால் சிவப்புப் புள்ளி விழும், திரையில் டிகிரி வரும். தொட வேண்டியதில்லை.

சேவுகன் போட்ட நிபந்தனையும் இதையொட்டித்தான். சிஸ்டர் ‘நடக்கலாம்’ என்று சொன்னால்தான் தைப்பூசப் பாதயாத்திரையில் என்னைச் சேர்ப்பானாம். சேவுகன் என் மனைவியின் தம்பி. எங்கள் ஊரிலிருந்து பழனிக்கு நடக்கும் குழுவை ஆரம்பித்தவன் நான். அவனை முதன்முதலில் கூட்டிப்போனவனும் நான். போன வருடம் நத்தத்தில் என் காலில் கொப்புளம் என்று சொல்லி, சாமான் வேனில் ஏற்றி ஊருக்கு அனுப்பிவிட்டான். அதன் பிறகு வலது காலில் இரண்டாம் விரலை எடுத்தார்கள். வேனில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்ததால்தான் அது முற்றியது என்பது என் முடிவு. அதை யாரும் விசாரிக்கவில்லை.

போன வருடத்து நடை நத்தத்திலேயே நிற்கிறது. அதை முடிக்காமல் விட முடியாது. முந்தாநாள் மாலை போட்டுக்கொண்டேன்.

வலது பெருவிரல் அடி 30.4. இடது 30.1.

மார்கழி 4, வெள்ளி

அளக்கும் முறை. எழுந்தவுடன், குளிக்கும் முன். காலில் எண்ணெய், பவுடர் கூடாது. மின்விசிறியை நிறுத்தி, பாதங்கள் தரையில் படாமல் கால் மணி நேரம் சும்மா இருக்க வேண்டும். கருவியும் அந்த நேரம் அதே அறையில் இருக்க வேண்டும். பட்டறையிலிருந்து கொண்டுவந்த உடனே அளந்தால் தப்பு வரும். பிறகு காலை மடித்துத் தொடைமேல் போட்டு, ஒரு சாண் தூரத்தில் கருவியை நேராகப் பிடித்து அளக்க வேண்டும். சாய்த்துப் பிடிக்கக் கூடாது.

தூரம் முக்கியம். சிவப்புப் புள்ளி விழும் இடத்தை மட்டும் இது அளப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். புள்ளி குறி பார்ப்பதற்கு மட்டுமே. கருவி அளப்பது ஒரு வட்டத்தை. என் கருவியின் பக்கவாட்டில் எட்டுக்கு ஒன்று என்று போட்டிருக்கிறது. எட்டு அங்குலத்தில் பிடித்தால் ஓர் அங்குல வட்டம், எட்டு அடியில் பிடித்தால் ஓர் அடி வட்டம். வட்டத்துக்குள் என்னென்ன இருக்கிறதோ அத்தனையின் சராசரியும் திரையில் வரும். இங்கே ரைஸ்மில்லில் புதிதாக வந்த எலெக்ட்ரீசியன் வாசலில் நின்றபடியே பேரிங்கை அளந்து ‘நார்மல்’ என்றிருக்கிறார். மறுநாள் அது எரிந்தது. அவர் அளந்தது பேரிங்கை அல்ல, அதன் பின்னால் இருந்த சுவரை. டிப்ளமோ படித்தவர்.

வலது 30.2. இடது 30.2.

மார்கழி 6, ஞாயிறு

செருப்புப் பிரச்சினை. மருத்துவமனையில் மெத்தென்ற ரப்பர் அடி வைத்த செருப்புக் கொடுத்து, வீட்டுக்குள்ளும் போடச் சொன்னார்கள். மாலை போட்டவன் செருப்புப் போடுவதில்லை. இன்று பைபாஸ் வரை வெறுங்காலில் நடந்துவிட்டு வந்தேன். என் மனைவி சௌந்தரம் வாசலில் செருப்பை வைத்துக்கொண்டு நின்றாள்.

“அந்தச் சிஸ்டர் பிள்ள தலயில அடிச்சுக்காத கொறயாச் சொல்லிவிட்டுச்சு.”

“மாலை போட்டிருக்கேன்.”

“மாலையக் கழுத்துலதான போட்டிருக்கீக. காலுக்கு என்ன?”

அவளைத் தாண்டி உள்ளே போனேன். அவள் எங்களோடு நடந்தவள் இல்லை. பெண்கள் வந்தால் நடை தாமதமாகும் என்று, நான் பொறுப்பில் இருந்தவரை யாரையும் சேர்க்கவில்லை. இப்போது சேவுகன் சேர்க்கிறான்.

வலது 30.7. இடது 30.3.

மார்கழி 9, புதன்

31.1. 30.2.

மார்கழி 11, வெள்ளி

வலது 31.9. இடது 30.2. வித்தியாசம் 1.7. வரம்புக்குள்தான்.

ரைஸ்மில்லிலிருந்து ஒரு மோட்டார் கொண்டுவந்தார்கள். பேரிங் எரிந்த அதே மோட்டார்.

மார்கழி 13, ஞாயிறு

சேவுகன் வந்தான். பச்சை வேட்டி, கழுத்தில் மாலை. உட்காரச் சொன்னேன், நின்றே பேசினான்.

“அத்தான், சிஸ்டர் என்ன சொல்லுது?”

“அளவெல்லாம் சரியா இருக்கு.”

“நான் அளவக் கேக்கல. சிஸ்டரக் கேட்டேன்.”

“பொங்கலுக்கு முன்னால வரச் சொல்லியிருக்கு.”

“அப்பப் பாத்துட்டுச் சொல்லுங்க. இல்லாட்டி ஒண்ணு செய்யலாம். வேன்ல வாங்க. சமையலுக்கு மேற்பார்வை பாக்கப் பெரிய ஆள் ஒருத்தர் வேணும். போன வருசம் சாம்பார்ல உப்புப் பாக்க ஆளில்லாம, பழனி வரைக்கும் எல்லாருக்கும் தாகம்.”

உள்ளே சௌந்தரம் சிரித்தது கேட்டது.

“சாம்பார் பாக்கவா நான் இந்தக் குழுவ ஆரம்பிச்சேன்?”

“கோவிக்காதீங்க அத்தான். நத்தத்துல அன்னைக்கு உங்க கால நான் பாத்தேன். நீங்க பாக்கல.”

காப்பி குடிக்காமல் போய்விட்டான். அவன் பார்த்தது கொப்புளம். கொப்புளம் எல்லோருக்கும் வரும்.

மார்கழி 15, செவ்வாய்

வலது 32.8. இடது 30.3.

கிழக்கு ஜன்னல் வழியாக வலது பக்கம் வெயில் விழுகிறது. கவனிக்காமல் இருந்துவிட்டேன். நாற்காலியை நகர்த்த வேண்டும்.

மார்கழி 16, புதன்

நாற்காலியை நகர்த்தினேன். வலது 32.9. இடது 30.2.

இரண்டு நாள் தொடர்ந்தால் என்பதுதான் சிஸ்டர் சொன்னது. நேற்றைய அளவு வெயிலில் கெட்டது. கெட்ட அளவைக் கணக்கில் சேர்க்க முடியாது. எனவே இன்று முதல் நாள்.

மார்கழி 17, வியாழன்

யோசித்துப் பார்த்ததில் முறையிலேயே குறை இருக்கிறது. காலை மடித்துத் தொடைமேல் போடும்போது ரத்த ஓட்டம் தடைபடுகிறது. வயிறும் இடிக்கிறது. அந்த நிலையில் எடுக்கும் அளவு இயல்பான அளவு ஆகாது. மனிதன் காலைத் தரையில் வைத்துத்தான் நிற்கிறான், நடக்கிறான். இனி பாதங்களைத் தரையில் வைத்து, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, மேலிருந்தே விரலை அளப்பது என்று முடிவு செய்துவிட்டேன்.

வலது 29.1. இடது 28.8. புள்ளி பெருவிரலின் நடுவில் சரியாக விழுகிறது.

முறை சரியானால் அளவும் சரியாகும்.

மார்கழி 18, வெள்ளி

29.0. 28.8. பைபாஸ் தாண்டிப் பெட்ரோல் பங்க் வரை போய் வந்தேன். களைப்பு இல்லை.

மார்கழி 20, ஞாயிறு

சௌந்தரம் பால் சட்டியில் ஒட்டியிருந்த கறுப்பு இன்சுலேஷன் டேப்பைப் பிய்த்துக்கொண்டு வந்தாள்.

“இது என்னது? பொட்டா?”

விளக்கினேன். பளபளப்பான எவர்சில்வரை நேராக அளந்தால் அதன் சூடு வராது. கண்ணாடி மாதிரி அது எதிரில் இருக்கும் சுவரின் சூட்டைத்தான் திருப்பிக் காட்டும். பால் கொதித்துக்கொண்டிருக்கும், திரையில் முப்பத்தெட்டு என்று வரும். ஒரு துண்டுக் கறுப்பு டேப்பை ஒட்டி, அது சட்டியின் சூட்டுக்கு வந்த பிறகு டேப்பை அளந்தால் உண்மையான அளவு கிடைக்கும். அலுமினிய மோட்டார் கூட்டுக்கும் இப்படித்தான்.

“பால் கொதிச்சா பொங்கும். பாத்தாலே தெரியும்.”

“எவ்வளவுன்னு தெரியாது.”

“எவ்வளவா இருந்தா என்ன, அடுப்ப அணைக்கணும். அவ்வளவுதான.”

நாள் முழுவதும் வீட்டில் மற்றவற்றை அளந்தேன். மேற்குச் சுவர் 36. மொட்டைமாடித் தரை 47. ஃபிரிட்ஜ் பின்புறம் 41.

வலது 29.3. இடது 28.7.

மார்கழி 22, செவ்வாய்

வலது கணுக்காலில் கட்டியிருந்த கறுப்புக் கயிறு இறுகியிருக்கிறது. தண்ணீர் பட்டுச் சுருங்கியிருக்கும். கத்தரித்துவிட்டேன்.

29.5. 28.8.

மார்கழி 23, புதன்

மழைத் தூறல். நடை இல்லை. ரைஸ்மில் மோட்டார் கட்டி முடித்தேன். பேரிங் புதிது போட்டேன். ஒரு சாணில் அளந்து, எப்படி அளக்க வேண்டும் என்பதை ஓர் அட்டையில் எழுதி, மோட்டாரிலேயே கட்டி அனுப்பினேன்.

மார்கழி 25, வெள்ளி

காலையில் அளந்துகொண்டிருந்தபோது சௌந்தரம் காப்பி கொண்டுவந்தாள். கையில் கொடுக்காமல் என் காலடியில் தரையில் வைத்தாள்.

“இத அளங்க.”

“எதுக்கு?”

“பால் சட்டிய அளந்தவுக காப்பிய அளக்க மாட்டீகளா?”

நாற்காலியில் இருந்தபடியே அளந்தேன். 43.

“நாப்பத்தி மூணா. அப்ப ஆறிப்போச்சு. ஒரே மடக்காக் குடிங்க.”

குடிக்கவில்லை. டம்ளரிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது.

அவள் தரையில் உட்கார்ந்தாள். என் கையிலிருந்து கருவியை வாங்கி, டம்ளரின் வாய்க்கு நேரே ஒரு சாணில் பிடித்தாள். 71.

“என் கைக்கு வந்ததும் சுட்டுருச்சு பாருங்க.”

பிறகு அதே தூரத்தில் என் வலது பெருவிரலில் பிடித்தாள். 34.9. இடது 30.5.

ஆவி பட்ட லென்ஸில் எடுத்த அளவு செல்லாது என்று சொன்னேன். ஆவி பட்டால் குறைவாகத்தான் காட்டும், கூடுதலாகக் காட்டாது. அது உண்மைதான். ஆனாலும் கெட்ட அளவு கெட்ட அளவே.

தூரத்தின் கணக்கை அவளுக்கு யார் சொன்னது என்று கேட்டேன்.

“நீங்கதான். ரைஸ்மில்காரப் பையனத் திட்டுனப்ப. நாலு நாள் திட்டுனீகளே. வீட்டுல வேற யாரு இருக்கா கேக்குறதுக்கு?”

மார்கழி 26, சனி

அவள் அளந்தாள். லென்ஸைப் பஞ்சால் துடைத்து, மின்விசிறியை நிறுத்தி, கால் மணி நேரம் காத்திருந்து. நான் எழுதிய முறைப்படியே. வலது 35.1. இடது 30.6.

குறை சொல்ல எதுவும் இல்லை.

மார்கழி 27, ஞாயிறு

சௌந்தரம் சிஸ்டருக்குப் போன் செய்துவிட்டாள்.

மார்கழி 29, செவ்வாய்

திருப்பத்தூர். ஜெசிந்தா சிஸ்டர் தன் கருவியால் அளந்தார். என் கருவியாலும் அளந்தார். இரண்டும் ஒன்றாகவே காட்டின. என் கருவி சரியானது என்பது இதிலிருந்து தெரிகிறது.

எக்ஸ்ரே எடுத்தார்கள். பாதத்தின் நடு எலும்புகளில் இரண்டில் கீறல். மூன்றாவது நொறுங்க ஆரம்பித்திருக்கிறதாம்.

“இதோட நடந்தீங்களா ஐயா?”

“நடந்தேன்.”

“வலிக்கலையா?”

“வலிச்சாச் சொல்லியிருப்பேன்.”

சிஸ்டர் நான் எழுதிக்கொண்டுபோன எண்களைப் பார்த்தார். நடுப்பக்கத்தில் விரலை வைத்து நிறுத்தினார். “நல்லாத்தான ஏறிக்கிட்டு வந்திருக்கு. பதினேழாந்தேதியிலருந்து ரெண்டு காலும் ஒண்ணாயிருச்சே. மிஷின்ல கோளாறா?”

“கருவி சரியாத்தான் இருக்கு,” என்றேன்.

“ஆமா சிஸ்டர்,” என்றாள் சௌந்தரம். “கருவி சரிதான்.”

டாக்டர் இளைஞர். எக்ஸ்ரேயை விளக்கில் வைத்துக்கொண்டு, இதோடு பழனிக்கு நடந்திருந்தால் பாதம் உள்ளுக்குள் நொறுங்கி வளைந்துவிடும், புண் வரும், பிறகு எடுக்க வேண்டியது விரலாக இருக்காது என்றார். எவ்வளவு என்று கேட்டேன். பேனாவால் என் கணுக்காலுக்கு மேலே ஒரு கோடு இழுத்துக் காட்டினார். மை படவில்லை, மூடி போட்ட பேனா.

முழங்காலுக்குக் கீழே மாவுக்கட்டு. வாரம் ஒருமுறை பிரித்து, அளந்து, மறுபடி கட்டுவார்கள். இரண்டு காலும் ஒரே சூட்டுக்கு வரும்வரை வலது காலைத் தரையில் ஊன்றக் கூடாது. மாதக்கணக்கில் ஆகலாம்.

தை 1, வியாழன்

பொங்கல். மாவுக்கட்டின் மேல் 28.4. இது கட்டின் சூடு, காலின் சூடு அல்ல.

தை 3, சனி

சேவுகன் வந்து மாலையைக் கழற்றச் சொன்னான். கோயிலில் பூசாரியிடம் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறான். உடம்புக்கு முடியாமல் கழற்றினால் தோஷம் இல்லையாம்.

“கட்டோட நடப்பேன்,” என்றேன். “மெதுவா. உங்க பின்னால வர்றேன். யாருக்கும் தொந்தரவு இல்ல.”

“அத்தான், போன வருசமும் இதத்தான் சொன்னீங்க.”

“போன வருசம் பாதியில வேன்ல ஏத்திவிட்டே. அது அப்படியே நிக்குது. நேர்த்திக்கடன் அரகொறயா நின்னா யாரு பதில் சொல்றது? நீயா?”

அவன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

சௌந்தரம் அடுக்களையிலிருந்து ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

“நான் நடக்கிறேன்.”

“நீ மார்க்கெட்டுக்கே ஆட்டோவுல போறவ,” என்றேன்.

“ஆட்டோ இருக்கு, போறேன். டேய் சேவுகா, புருசன் நேர்ச்சையப் பொண்டாட்டி முடிக்கலாமான்னு பூசாரியக் கேளு.”

சேவுகன் அங்கேயே போன் போட்டான். முடிக்கலாம் என்றாராம்.

அவன் போன பிறகு அவள் என் எதிரில் உட்கார்ந்தாள்.

“ஒண்ணு சொல்லிப்புடுறேன். நான் அங்க நடக்கிற வரைக்கும் நீங்க இங்க ஒரு அடி எடுத்து வைக்கக் கூடாது. வச்சீகன்னா நான் நடந்தது கணக்குல இல்ல. நான் வந்து அளந்து பாக்கமாட்டேன். அத அளக்க உங்ககிட்டயும் கருவி இல்ல. முருகனுக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியும்.”

யோசிக்க வேண்டும் என்றேன். யோசிக்க என்ன இருக்கிறது என்று எழுந்து போய்விட்டாள்.

தை 4, ஞாயிறு

மாலையைக் கழற்றிக் கொடுத்தேன். பூசாரி அவளுக்குப் போட்டுவிட்டார்.

தை 7, புதன்

காலையும் மாலையும் பைபாஸ் வரை நடந்து பழகுகிறாள். வெறுங்காலில். பார்க்கும்படி இல்லை, ஆனால் நிற்பதில்லை. குதிகாலை முதலில் வைக்காதே, பாதத்தை மொத்தமாக வை என்று சொன்னேன். சரி என்றாள். கேட்கவில்லை.

தை 10, சனி

காலையில் புறப்பட்டார்கள். எங்கள் வாசலில் நின்று தேங்காய் உடைத்தார்கள். நான் நாற்காலியில், கட்டுப் போட்ட காலை ஸ்டூலில் வைத்து உட்கார்ந்திருந்தேன்.

“அக்கா, முடியலேன்னா வெக்கப்படாதே. பின்னால வேன் வருது,” என்றான் சேவுகன்.

“வேன உங்க அத்தானுக்குன்னு வச்சிருந்தியே. அத அவுகளுக்கே வச்சிரு. நடடா.”

எல்லோரும் சிரித்தார்கள். அரோகரா என்று போய்விட்டார்கள். தெருமுனை வரை தெரிந்தாள்.

பக்கத்து வீட்டுப் பொன்னழகி சாப்பாடு கொடுப்பாள். மருத்துவமனையில் ஒரு வாக்கர் கொடுத்திருக்கிறார்கள். வலது காலைத் தூக்கிக்கொண்டு, இடது காலால் தத்திப் போகலாம்.

ஆனால் சௌந்தரம் வலது கால் என்று சொல்லவில்லை. ஒரு அடி என்றாள். இடது காலால் வைத்தாலும் அடி அடிதான். வாக்கரை மூலையில் மடித்து வைத்துவிட்டேன்.

தை 11, ஞாயிறு

பட்டறையில் மோட்டாரைத் தள்ளுவதற்கு நான் செய்த சக்கரப் பலகையைப் பொன்னழகியை எடுத்துத் தரச் சொன்னேன். நாற்காலியிலிருந்து அதில் சரிந்து உட்கார்ந்து, காலை முன்னால் நீட்டி, கைகளால் தரையைத் தள்ளினால் வீடு முழுக்கப் போகலாம். குளியலறைப் படியில் மட்டும் இறங்கி, உட்கார்ந்தபடியே நகர வேண்டியிருக்கிறது.

“வாக்கர் இருக்குல்ல மாமா? எதுக்கு இப்படித் தவழ்றீங்க?” என்றாள் பொன்னழகி.

“தவழல. உக்காந்து போறேன்.”

சௌந்தரம் போன் செய்தாள். சிங்கம்புணரியில் ஒரு கல்யாண மண்டபத்தில் தங்கல். கூட்டம் அதிகம் என்றாள்.

தை 13, செவ்வாய்

போன்.

“நத்தம் தாண்டிட்டோம்.”

போன வருடம் நான் நின்ற இடம். காலைப் பற்றிக் கேட்டேன்.

“ரெண்டு கொப்புளம். ஒண்ணு ஒடஞ்சிருச்சு.”

“சூடா இருக்கா?”

“தொட்டுப் பாத்தேன். சுடத்தான் செய்யுது.”

“தொட்டுப் பாக்கிறது அளவு ஆகாது. வேன்ல ஏறிக்க.”

“நீங்க ஏறுனீகளா?”

“ஏத்துனாங்க.”

“என்ன யாரும் ஏத்த முடியாது. எனக்கு வலிக்குது. வலிச்சா நின்னு, உக்காந்து, தண்ணி குடிச்சிட்டு நடக்கிறேன். உங்களுக்கு அது இல்ல. அதான் வித்தியாசம். கால் கீழ வச்சீகளா?”

“இல்ல.”

“நெசமா?”

“இல்லன்னு சொல்றேன்ல.”

“சரி. நாளைக்குக் கேக்குறேன்.”

தை 14, புதன்

கேட்டாள். இரண்டு தடவை.

தை 15, வியாழன்

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

தொட்டியில் தண்ணீர் இல்லை. பொன்னழகி கிணற்று மோட்டாரைப் போட்டுவிட்டு, இதோ வந்து அணைக்கிறேன் என்று கடைக்குப் போனாள். பின்கட்டு வாசலில் பலகையில் உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் சத்தம் மாறியது. கிணற்றில் தண்ணீர் இறங்கிவிட்டது. மோட்டார் காற்றை இழுத்துக்கொண்டு ஓடுகிறது. ஸ்டார்ட்டரில் தானாக நிறுத்த வேண்டிய ரிலே பழுது. மாற்ற வேண்டும் என்று நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

வாசலிலிருந்து இரண்டு படி இறங்கினால் மோட்டார். அதற்கு மேலே சுவரில் ஆளுயரத்தில் ஸ்டார்ட்டர் பெட்டி. படியில் உட்கார்ந்து இறங்கலாம், ஆனால் பொத்தானை எட்ட எழுந்து நிற்க வேண்டும். வீட்டு மெயின் சுவிட்சும் அதே உயரம். பொன்னழகியைக் கூப்பிட்டேன். எதிர்வீட்டிலும் ஆள் இல்லை. அவளுக்குப் போன் போட்டேன். போன் அவள் வீட்டுக்குள்ளேயே அடித்தது, இங்கே கேட்டது. துடைப்பத்தை எறிந்தேன். பெட்டியில் பட்டது, பொத்தானில் படவில்லை. அதற்குப் பிறகு எறிய ஒன்றும் இல்லை.

கருவி மடியில் இருந்தது. மோட்டார் எட்டு அடி தூரம். எட்டு அடியில் வட்டம் ஓர் அடி. மோட்டார் அதைவிடப் பெரியது, பெயின்ட் அடித்தது, பளபளப்பு இல்லை. அளவு சரியாகவே வரும். 58.

அந்த மோட்டாரை நான்தான் கட்டினேன். இந்த வீட்டுக்கு வந்த புதிதில். ஒருமுறைகூட எரிந்ததில்லை.

70. எழுந்து நாலைந்து அடி எடுத்து வைத்தால் போதும். வாக்கர்கூட வேண்டாம், சுவரைப் பிடித்துக்கொண்டு போகலாம். ஒரு நிமிட வேலை. யாரும் பார்க்கவில்லை.

83. வார்னிஷ் வாசனை.

91.

அப்புறம் அளக்கவில்லை. காயில் எரிந்து புகை வந்தது, வீட்டு ஃபியூஸ் போனது. சத்தம் நின்றது. பொன்னழகி ஓடிவந்தாள்.

“மாமா, நீங்க இங்கயே இருந்தும் அணைக்கலயா?”

“எட்டல.”

“எந்திரிச்சா எட்டுமே.”

“எட்டும்.”

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். வயதானால் புத்தி பிசகும் என்று நினைத்திருப்பாள். நினைக்கட்டும்.

போன் வந்தது. ஒட்டன்சத்திரம் தாண்டியாயிற்று. மோட்டாரைப் பற்றிச் சொல்லவில்லை.

தை 16, வெள்ளி

இந்த வாரமும் மருத்துவமனை. சேவுகன் ஏற்பாடு செய்த ஆட்டோ. ஓட்டுநரும் பொன்னழகியின் கணவரும் நாற்காலியோடு தூக்கி ஏற்றினார்கள். கட்டைப் பிரித்து, சிஸ்டர் ஒரு சாணில் அளந்தார். வலது 33.2. இடது 30.4. இறங்குகிறது என்றார். இன்னும் போக வேண்டும்.

“வாக்கர் வசதியா இருக்கா ஐயா?”

“மடிச்சு வச்சிருக்கேன்.”

தை 18, ஞாயிறு

பூசம். தண்ணீர் குடத்தில் வருகிறது. பொன்னழகிக்குச் சிரமம்தான்.

மத்தியானம் போன். பின்னால் மேளமும் கூட்டமும் இரைச்சலும்.

“ஏறி எறங்கிட்டேன். நல்ல தரிசனம். நத்தத்துல நின்னதும் சேத்து முடிஞ்சிருச்சுன்னு சொல்லிட்டு வந்தேன்.”

“கால்?”

“கால் இருக்கு. மூணு கொப்புளம், ஒரு நகம் போச்சு. சேவுகன் தைலம் தேய்க்கிறான். உங்க தைலத்த விடக் காட்டம்.” மேளச் சத்தம் குறைந்தது. கூட்டத்திலிருந்து ஒதுங்குகிறாள் என்று தெரிந்தது. “கால் கீழ வச்சீகளா?”

“இல்ல.”

நெசமா என்று கேட்பாள் என்று காத்திருந்தேன்.

“சரி, சாப்பிடுங்க. நாளைக்குச் சாயங்காலம் வந்துருவேன்,” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

கேட்டிருந்தாலும் பதில் அதுதான்.